கேள்வி கேட்பவரும் அந்த முகாம்காரர்தான்
(வாசகர் கேள்வி – பதில்)

கென்யாவின் காக்குமா முகாமில் அகதி ஆசிரியர்களே தங்கள் மக்களிடையே கல்வி ஆய்வு செய்வதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கேள்விகளில் ஒன்பதுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

‘சக ஆய்வாளர்’ என்று எழுதியிருந்தீர்கள். வீடு வீடாக வந்து கணக்கெடுப்பவருக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்?
– வாசகர், கோவை

கணக்கெடுப்பவர் கையில் இருப்பது வேறு யாரோ எழுதிக் கொடுத்த கேள்வித்தாள். அதை நிரப்பிக் கொடுத்தால் அவர் வேலை முடிந்தது. எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது, எந்த மொழியில் கேட்பது, வந்த பதிலுக்கு என்ன பொருள் என்ற நான்கையும் தீர்மானிப்பதில் சக ஆய்வாளருக்குப் பங்கு இருக்க வேண்டும். இந்த நான்கில் கடைசியைத்தான் பெரும்பாலும் அவரிடம் கொடுப்பதில்லை. பேட்டி எடுக்க மட்டும் முகாம் ஆசிரியரைப் பிடித்துக்கொண்டு, பொருள் சொல்லும் வேலையைப் பல்கலைக்கழகத்திலேயே வைத்துக்கொண்டால், அவர் சம்பளம் குறைந்த கணக்கெடுப்பாளர்தான். பெயரை மாற்றி அழைப்பதால் அது மாறிவிடாது.

முகாமில் படித்த இளைஞர்கள் எத்தனையோ பேர் இருப்பார்களே. ஆசிரியர்களை ஏன் தேட வேண்டும்?
– சமூகப்பணி மாணவி, சென்னை

காக்குமா இருப்பது கென்யாவின் வடமேற்கில், வறண்ட துர்கானா மாவட்டத்தில். சூடான் போரிலிருந்து தப்பி, நடந்தே வந்த ஆயிரக்கணக்கான சிறுவர்களுக்காக 1992-ல் தொடங்கிய முகாம் அது. 2016-ல் பக்கத்திலேயே களோபெயெய் குடியிருப்பு திறக்கப்பட்டது. இரண்டிலும் சேர்த்து இன்று 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். தென்சூடான், சோமாலியா, காங்கோ, எத்தியோப்பியா, புருண்டி என்று பல நாட்டுப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்கார்ந்து கென்யப் பாடத்திட்டத்தைப் படிக்கிறார்கள். ஒரு வகுப்பில் 100 பேருக்கு மேல் இருப்பது அங்கே சாதாரணம். சொல்லிக்கொடுப்பவர்களில் பெரும்பாலோர் அதே முகாமில் பள்ளி முடித்த அகதிகள். கென்ய அரசின் ஆசிரியர் பணி ஆணையப் பதிவு இல்லாததால் அவர்களுக்குக் கிடைப்பது முழுச் சம்பளம் அல்ல, ‘ஊக்கத்தொகை’.

எந்தப் பிள்ளை எந்த வாரத்திலிருந்து வரவில்லை, எந்த வீட்டில் தாய் இல்லை, யார் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வருகிறாள் என்பதெல்லாம் அந்த ஆசிரியருக்குத் தெரியும். எந்தக் கேள்வியைக் கேட்டால் பயன் உண்டு என்பதும் அதனாலேயே தெரியும். ஆசிரியரைத் தேடுவதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் ஆசிரியர் என்பதிலேயே இரண்டு சிக்கல்களும் இருக்கின்றன. முதலாவது, சொல்லிக்கொடுத்தே பழகிய வாய். “மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டேன்” என்று ஒரு தாய் சொன்னதும் ஆசிரியருக்குப் புத்திமதி சொல்லத் தோன்றும். அந்த இடத்தோடு பேட்டி முடிந்துவிடும். இரண்டாவது, அதிகாரம். மகனுக்கு மதிப்பெண் போடுகிறவர் வந்து “பள்ளி எப்படி இருக்கிறது?” என்று கேட்டால், “மிக நன்றாக இருக்கிறது” என்ற ஒரே பதில்தான் வரும். எனவே தன் வகுப்புப் பிள்ளையையோ அந்தப் பிள்ளையின் பெற்றோரையோ எவரும் பேட்டி எடுக்கக் கூடாது என்பதை முதல் விதியாக வையுங்கள். இரண்டு பள்ளி ஆசிரியர்கள் இடம் மாற்றிக்கொண்டால் போதும்.

யாரிடமெல்லாம் அனுமதி வாங்க வேண்டும்? எவ்வளவு நாளாகும்?
– ஆய்வு மாணவர், திருச்சி

கென்யாவில் ஆய்வு செய்ய அந்நாட்டின் அறிவியல், தொழில்நுட்பம், புத்தாக்கத்துக்கான தேசிய ஆணையத்தின் உரிமம் வேண்டும். அதற்கு முன்னால், ஆய்வால் யாருக்கும் தீங்கு வராதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழு ஒன்றின் ஒப்புதல் வேண்டும்; அது ஆணையம் ஏற்ற குழுவாக இருக்க வேண்டும். முகாமுக்குள் நுழைய அகதிகள் சேவைத் துறையின் கடிதம். பிறகு தலைமையாசிரியர், பகுதித் தலைவர்கள். மூன்று மாதம் ஒதுக்குங்கள். பேட்டியில் பேசுவோரின் தகவல்களைக் கையாள 2019-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பொருந்தும். பிள்ளைகளிடம் பேசுவதானால் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் வாங்காமல் தொடங்கவே கூடாது.

இரண்டு இடங்களில் வழக்கமாகத் தவறு நடக்கிறது. நெறிமுறை விண்ணப்பத்தில் சக ஆய்வாளர்களின் பணியைக் குறிப்பிடாமல் விட்டுவிட்டுப் பிறகு அவர்களைச் சேர்க்கிறார்கள். திருத்த விண்ணப்பம் போட்டு மறுபடி காத்திருக்க வேண்டியதாகிறது. இன்னொன்று, முடிவுகளைச் சொல்ல நைரோபியில் கூட்டம் வைத்துவிட்டு, அகதி ஒருவர் முகாமை விட்டு வெளியே போகப் பயண அனுமதி தேவை என்பதைக் கடைசி வாரத்தில் நினைவுக்குக் கொண்டுவருவது. அப்புறம் மேடையில் எல்லோரும் இருப்பார்கள், ஆய்வு செய்தவர் மட்டும் இருக்க மாட்டார். கூட்டத் தேதியை முடிவு செய்யும் நாளிலேயே பயண அனுமதிக்கும் விண்ணப்பியுங்கள். முடியுமென்றால் கூட்டத்தைக் காக்குமாவிலேயே நடத்துங்கள்.

பயிற்சி எத்தனை நாள்? அதில் எதைச் சொல்லித் தருகிறார்கள்?
– பள்ளி ஆசிரியை, மதுரை

முழுதாக ஐந்து நாள். ஒரு குழுவில் 10 முதல் 12 பேர், பயிற்றுநர் இருவர். ஏப்ரல் அல்லது ஆகஸ்ட் விடுமுறையில் வையுங்கள். பள்ளி நடக்கும் நாளில் ஓர் ஆசிரியரை எடுத்தால் இரண்டு வகுப்புகளை ஒன்றாக்கி உட்கார வைப்பார்கள். நம் ஆய்வுக்காக 200 பிள்ளைகள் ஒரே அறையில் நெருக்கியடிக்கக் கூடாது. உணவுப் பங்கீடு நடக்கும் நாட்களையும் தவிருங்கள். அன்று யாரும் வர மாட்டார்கள், வரச் சொல்வதும் முறையல்ல. அங்கே பெண் ஆசிரியர்கள் குறைவு. பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டுமென்றால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளை அமர்த்தி, மாலை 3 மணிக்கு முடித்துவிட வேண்டும்.

முதல் நாள் கேள்வித்தாளை வெளியே எடுக்காதீர்கள். “உங்கள் பள்ளியைப் பற்றி வெளியாருக்குப் புரியாமலே இருப்பது எது?” என்று கேட்டு, வருவதையெல்லாம் சுவரில் ஒட்டுங்கள். ஆய்வுக் கேள்வி அதிலிருந்துதான் பிறக்க வேண்டும்.

இரண்டாம் நாள் முழுக்கச் சம்மதம் பெறுவதற்கு. இதைக் கால் மணி நேரத்தில் முடித்துவிடுகிறவர்கள் பிறகு எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்கிறார்கள். முகாமில் கையெழுத்து என்றால் ரேஷன், பதிவு, வேறு நாட்டில் குடியேற்றம். ஒருவர் தாளை நீட்டியதும் “இதில் பேசினால் வெளிநாடு அனுப்புவார்களோ” என்ற நம்பிக்கையோ, “பேசாவிட்டால் ரேஷனை வெட்டுவார்களோ” என்ற பயமோ வந்துவிடும். அதனால் மூன்று வாக்கியங்களை ஒவ்வொரு மொழியிலும் மனப்பாடமாகச் சொல்லப் பழக வேண்டும்: பேசுவதால் எந்த நாட்டுக்கும் அனுப்ப மாட்டார்கள், பேசாவிட்டால் எதுவும் குறையாது, நடுவில் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். பிறகு, “நான் என்ன சொன்னேன், நீங்கள் ஒருமுறை சொல்லுங்கள்” என்று கேட்க வேண்டும். அவர் திருப்பிச் சொல்வதில்தான் புரிந்ததா என்பது தெரியும். நெறிமுறைக் குழு ஒத்துக்கொண்டால் கையெழுத்துக்குப் பதில் வாய்மொழிச் சம்மதத்தை ஒலிப்பதிவு செய்வது நல்லது. தலைமையாசிரியர் சரி சொன்னார் என்பது அவர் பள்ளியில் வேலை செய்பவரின் சம்மதம் ஆகாது. அவரைத் தனியாகக் கேட்க வேண்டும்.

மூன்றாம் நாள் கேட்கும் பழக்கம். ஒருவர் பேசி முடித்ததும் மனதுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள். ஆசிரியர்களுக்கு இது மிகவும் கஷ்டம், வகுப்பில் மௌனம் வந்தால் அவர்கள்தானே நிரப்புவார்கள். நல்ல பதில்கள் பெரும்பாலும் அந்த ஐந்து நொடிக்குள் வரும். கடைசி இரண்டு நாளும் ஒருவரையொருவர் பேட்டி எடுத்து, பதிவைக் குழுவாகக் கேட்டு, எங்கே புத்திமதி நுழைந்தது, எங்கே பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்டோம் என்று குறிப்பது.

ஒரே சமூகத்தில் தெரிந்தவரே தெரிந்தவரைக் கேட்டால் உண்மை வருமா?
– வாசகர், பெங்களூரு

பொய் வருமோ என்று கவலைப்படுகிறீர்கள். அதைவிட அடிக்கடி வருவது “உங்களுக்குத்தான் தெரியுமே!” என்ற பதில். இருவருக்கும் தெரிந்ததை இருவரும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். பிறகு, பதிவைக் கேட்டு எழுதிய எழுத்தாக்கத்தைப் படித்தால் பாதி காணாது. இதற்கு மருந்து ஒரு வாக்கியம்: “எனக்குத் தெரியும், ஆனால் கேட்கப்போகிறவர் இங்கே வந்ததே இல்லை, அவருக்காகச் சொல்லுங்கள்.”

இன்னொரு வேலையும் உண்டு. பேட்டிக்குப் போகுமுன் ஒவ்வொரு ஆய்வாளரும் தான் எதிர்பார்க்கும் பதிலை ஒரு தாளில் எழுதி உறையில் போட்டு வைக்கட்டும். எட்டுப் பேட்டி முடிந்த பிறகு பிரித்துப் பார்க்கட்டும். வந்த பதிலும் எழுதிவைத்ததும் அச்சாக ஒன்றாக இருந்தால், அவர் கேட்டது மக்களிடமா தன்னிடமா என்று அவரே யோசிப்பார்.

இனமோதலின் நினைவு புதிதாக இருக்கும் இடத்தில் ‘ஒரே சமூகம்’ என்ற சொல்லையே கவனமாகக் கையாள வேண்டும். தென்சூடானில் 2013-ல் போர் மூண்ட பிறகு வந்தவர்களில் டிங்கா, நுவேர் இரு பிரிவினரும் உண்டு. வெளியாருக்கு இருவருமே ‘தென்சூடான் அகதிகள்’. யார் யாரைப் பேட்டி எடுப்பது என்பதை ஆய்வாளர்களே முடிவு செய்யட்டும். பேசுகிறவரிடமும் “யார் வந்தால் வசதி?” என்று கேளுங்கள். சிலர் தன் இனத்தாரைவிட அந்நியரிடம்தான் பேசுவார்கள், சொன்னது வீட்டுக்குத் திரும்பாது என்பதால்.

மொழிபெயர்ப்பில் என்ன கஷ்டம்? ஸ்வாஹிலி எல்லோருக்கும் தெரியுமல்லவா?
– மொழிபெயர்ப்பாளர், தஞ்சாவூர்

எல்லோருக்கும் தெரியாது. காங்கோ, புருண்டியிலிருந்து வந்த பலருக்கு அது பழகியது. தென்சூடான்காரர் பலர் ஜூபா அரபியில் பேசுவார்கள், சோமாலியர் சோமாலியில். வகுப்பில் ஆங்கிலம். ஒரே கேள்வி நான்கு மொழிக்குப் போய் நான்கு கேள்வியாகிவிடும்.

அடியை எடுத்துக்கொள்ளுங்கள். கென்யப் பள்ளிகளில் பிள்ளைகளை அடிப்பது 2001-லேயே தடை செய்யப்பட்டது. “உடல் தண்டனை உண்டா?” என்று ஆசிரியரிடம் கேட்டால் சட்டம் தெரிந்தவர் “இல்லை” என்பார். ஸ்வாஹிலியில் ‘அதாபு’ என்றால் தண்டனை, ‘குச்சாப்பா’ என்றால் அடிப்பது. முதல் சொல்லைப் போட்டால் வகுப்பைப் பெருக்குவது முதல் அடி வரை எல்லாம் அதில் அடங்கும். இரண்டாவதைப் போட்டால் குற்றம் சாட்டுவதுபோல் இருக்கும். அதனால் நிகழ்வைக் கேளுங்கள்: “முதல் பாடவேளைக்குத் தாமதமாக வரும் பிள்ளைக்கு என்ன நடக்கும்? நேற்று என்ன நடந்தது?” கேட்பவரும் ஆசிரியர், அவர் கையிலும் பிரம்பு இருந்திருக்கலாம். இந்தத் தலைப்பை எடுக்குமுன் குழு தமக்குள் வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். பேசாமல் போனால், அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் அவர்களே அதை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். பதிவில் அது தெளிவாகக் கேட்கும்.

கேள்விகளை ஒருவர் மொழிபெயர்க்கட்டும், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவரட்டும். இரண்டும் எங்கே விலகுகிறதோ அங்கே உட்கார்ந்து பேசுங்கள்.

ஊதியம் எப்படிக் கணக்கிடுவது?
– தொண்டு நிறுவன ஊழியர், சேலம்

முகாமில் அகதிப் பணியாளர்களுக்கான ஊக்கத்தொகையை இன்ன வேலைக்கு இவ்வளவு என்று நிறுவனங்கள் தங்களுக்குள் பேசி ஒரே அளவாக வைத்திருக்கின்றன. ஆய்வுக்கு மட்டும் திடீரென்று அதிகம் கொடுத்தால் சக ஆசிரியர்களோடு மனத்தாங்கல் வரும், ஆள்கள் பள்ளியை விட்டுவிட்டு வரவும் பார்ப்பார்கள். இந்தக் காரணத்தைச் சொல்லியே குறைவாகக் கொடுத்துத் தப்புகிறவர்களும் இருக்கிறார்கள், அது நியாயமில்லை. வேலை நாளைக் கணக்கிட்டு, பள்ளி வேலைக்கு மேற்பட்ட தனி ஒப்பந்தமாக எழுதிக் கொடுங்கள்.

எப்போதும் விட்டுப்போவது எழுத்தாக்க நேரம். 45 நிமிடப் பதிவைக் கேட்டு எழுத நான்கு மணி நேரமாவது வேண்டும். ஆங்கிலத்துக்கும் மாற்றினால் ஏழெட்டு மணி. ஒருவர் எட்டுப் பேட்டி எடுத்தால் இது மட்டுமே எட்டு வேலை நாள். பயிற்சி நாள், கூட்டம், பகுப்பாய்வு எல்லாவற்றுக்கும் பணம் உண்டு என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும். போடா–போடா எனப்படும் வாடகை பைக் கட்டணம், இணையப் பொதி, கடையில் கைபேசிக்குச் சார்ஜ் ஏற்றும் காசு ஆகியவை தனி. கைபேசி வழிப் பணச் சேவையான எம்-பெசாவில் அனுப்பும்போது சிம் யார் பெயரில் இருக்கிறது என்று முன்பே கேளுங்கள். அடையாள ஆவணச் சிக்கலால் வேறொருவர் பெயரில் சிம் வைத்திருப்போர் உண்டு, பணம் அங்கே போய் நின்றுவிடும். கடைசியில் கொடுக்கும் சான்றிதழில் ‘பங்கேற்றார்’ என்று எழுதாமல், எத்தனை பேட்டி, எந்த மொழிகள், என்ன பகுப்பாய்வு என்று விவரமாக எழுதுங்கள். அடுத்த வேலைக்கு அந்தத் தாள்தான் பேசும்.

பேட்டியில் ஒரு பிள்ளை, தன்னை யாரோ துன்புறுத்துவதாகச் சொன்னால்?
– ஆலோசகர், புதுச்சேரி

பேட்டி தொடங்கும்போதே, “நீ சொல்வதை வெளியே சொல்ல மாட்டேன்; ஆனால் உனக்கு ஆபத்து என்று தெரிந்தால் உதவக்கூடிய ஒருவரிடம் சொல்ல வேண்டியிருக்கும்” என்று சொல்லியிருக்க வேண்டும். ரகசியம் காப்பதாக முழு வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு மீறுவதுதான் பெரிய துரோகம். பிள்ளை சொல்லத் தொடங்கியதும் ஆய்வை நிறுத்துங்கள். கேளுங்கள், துருவாதீர்கள், துப்பறியாதீர்கள். அன்றே, குழந்தைப் பாதுகாப்புக்கென்று முகாமில் பொறுப்பு ஏற்றிருக்கும் அலுவலரிடம் தகவல் போக வேண்டும். அவருடைய எண் ஒவ்வொரு ஆய்வாளரின் பையிலும் எழுதிய அட்டையாக இருக்கட்டும், கைபேசியில் மட்டும் இருந்தால் சார்ஜ் தீர்ந்த நேரம் பார்த்துத் தேவைப்படும். குற்றம் சாட்டப்படுபவர் அதே பள்ளி ஆசிரியர் என்றால் பள்ளி வழியாகத் தகவல் அனுப்பவே கூடாது.

கேட்ட ஆசிரியரையும் பார்க்க வேண்டும். அவரும் போரைக் கடந்து வந்தவர், கேட்கும் கதை தன் கதையாக இருக்கலாம். ஒரு நாளைக்கு இரண்டு பேட்டிக்கு மேல் வேண்டாம். வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் குழு சேர்ந்து உட்காரட்டும். அந்த நேரத்துக்கும் ஊதியம் உண்டு.

தமிழக முகாம் ஒன்றில் மாலை வகுப்பு எடுக்கிறேன். நாங்களும் இப்படிச் செய்யலாமா?
– இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து ஒரு வாசகி

தாராளமாகச் செய்யலாம். 1983 முதல் இங்கே வந்து சேர்ந்தவர்களின் பிள்ளைகள் பகலில் அரசுப் பள்ளியில் படித்து, மாலையில் உங்களைப் போன்றவர்களிடம் வருகிறார்கள். அவர்களைப் பற்றி வெளியார் எழுதியது இருக்கிறது, நீங்கள் கேட்டு எழுதியது குறைவு.

சிறிதாகத் தொடங்குங்கள். ஒரே கேள்வி, உதாரணமாக “பிளஸ் டூ முடித்த பிறகு என்ன படிப்பது என்று வீட்டில் எப்படி முடிவாகிறது?” 12 குடும்பம், மூன்று பேர் கொண்ட குழு, இரண்டு மாதம். முகாம் தலைவருக்கும் அதிகாரிக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். வெளியிலிருந்து கல்லூரிக்காரர் யாராவது சேர்ந்தால் மறுவாழ்வுத் துறை அனுமதி அவர்கள் பொறுப்பு.

அழைக்கும் சொல்லைப் பாருங்கள். “விசாரிக்க வந்திருக்கிறோம்” என்றால் பல வீடுகளில் பொலிஸ் நினைவு வரும். “அக்கா, பிள்ளையின்ர படிப்பைப் பற்றிக் கொஞ்சம் கதைக்கலாமா?” என்றால் பாய் விரித்து உட்கார வைப்பார்கள். குடியுரிமை, வந்த வழி, இலங்கைக்குத் திரும்புவது பற்றியெல்லாம் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னாலும் எழுத்தாக்கத்தில் விட்டுவிடுங்கள். நெருக்கமாகக் கட்டிய வீடுகளில் ஒரு வீட்டுப் பேச்சு அடுத்த வீட்டுக்குக் கேட்கும், அதனால் வகுப்பு முடிந்த பிறகு மாலை வகுப்பு அறையிலேயே உட்காருங்கள். முகாம் சிறியது என்பதால் பெயரை மாற்றினாலும் ஆள் தெரிந்துவிடும். “நர்சிங் படிக்கும் மூத்த மகள்” என்று எழுதினால் போதும், யாரென்று எல்லோரும் சொல்வார்கள். படிப்பு, வயது, பிள்ளைகளின் எண்ணிக்கை இவற்றில் இரண்டையாவது மாற்றுங்கள் அல்லது எடுத்துவிடுங்கள்.

பகுப்பாய்வுக்குக் கணினி வேண்டாம். எழுதியதைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து, வரி வரியாக வெட்டி, தரையில் பரப்புங்கள். ஒன்றுக்கொன்று சேர்வதைச் சேர்த்து வைத்து, ஒவ்வொரு குவியலுக்கும் பெயர் வைக்கும்போது வாய்விட்டுச் சண்டை போடுங்கள். காக்குமா போன்ற இடங்களில் ஆசிரியர் வேலையை விட்டுப் போவதற்கு வெளியார் ‘ஆர்வக்குறைவு’ என்று பெயர் வைப்பார்கள். அதே வரியை ஆசிரியர் படித்தால், பக்கத்து நிறுவனத்தில் கூடுதல் தொகைக்கு வேலை கிடைத்தது என்பது அவருக்கு உடனே தெரியும். அந்தப் பெயர் வைக்கும் வேலையை வேறு யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

முடிவுகளை ஒரு பக்கத்தில் எழுதி, முதலில் அந்த 12 குடும்பங்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். “இது என்னைப் பற்றியது, எடுத்துவிடு” என்று யாராவது சொன்னால் எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகுதான் வெளியே கொடுக்க வேண்டும். உங்கள் மூவரின் பெயரைப் போடுவதா, குழுப் பெயர் போதுமா என்பதையும் அதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள். வேலை தொடங்கும்போது ஒருமுறை, அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை என இரண்டு தடவை கேளுங்கள். இடையில் மனம் மாறியிருக்கலாம்.